மாத மருந்துச் செலவைக் குறைப்பது எப்படி? மருந்துச் சீட்டு முதல் பில் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் வீட்டில் இருந்தால், மளிகைக்கு அடுத்த பெரிய செலவு மெடிக்கல் ஷாப் பில்தான். இரண்டு பேர் இருந்தால் சில வீடுகளில் அது மளிகையையே தாண்டிவிடும். கரண்ட் பில்லையும் கேபிள் கட்டணத்தையும் கணக்குப் பார்த்துக் குறைக்கிறவர்கள்கூட மருந்து பில்லை மட்டும் தொடுவதில்லை. உயிர் சம்பந்தப்பட்டது, இதில் போய் கஞ்சத்தனம் பண்ணுவதா என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி மருந்துக்குப் போவதில்லை, அட்டையில் அச்சாகியிருக்கும் கம்பெனிப் பெயருக்குப் போகிறது. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர், காசு கொடுப்பவர் நீங்கள். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாமல் செலவைக் குறைக்க வழி தெரியும்.

எப்படிக் குறைப்பது என்பதற்கு முன்னால், ஏன் இந்த விலை என்பதைப் பார்த்துவிடலாம். காரணம் தெரியாமல் கடையில் போய்ப் பேரம் பேசினால் பத்து சதவீதத் தள்ளுபடியோடு திரும்பி வர வேண்டியதுதான்.

விலை எங்கே ஏறுகிறது

நம் ஊரில் அன்றாடம் விற்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பேட்டன்ட் (ஒரு கம்பெனிக்கு மட்டுமே உள்ள தயாரிப்பு உரிமை) காலம் முடிந்தவை. சுகருக்கான மெட்ஃபார்மினையும் பிரஷருக்கான அம்லோடிபினையும் உரிமம் உள்ள எந்தக் கம்பெனியும் தயாரிக்கலாம், ஏராளமான கம்பெனிகள் தயாரிக்கவும் செய்கின்றன. இத்தனை போட்டி இருந்தால் விலை தரைமட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் போட்டி விலையில் நடப்பதில்லை. மருத்துவர் பேனாவில் எந்தப் பெயர் வரும் என்பதில் நடக்கிறது. அதற்காக மெடிக்கல் ரெப்புகள், இலவச சாம்பிள்கள், மாநாட்டுச் செலவுகள், பரிசுகள். 2022 பிப்ரவரியில், சென்னையைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டுப் பேசியது. மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பரிசுகளை வியாபாரச் செலவாகக் காட்டி வரிவிலக்கு கேட்க முடியாது என்றது. அந்தப் பரிசுகளின் செலவு கடைசியில் மருந்து விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்றும் சொன்னது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து விற்பனை நடத்தைக்கு ஒரு நெறிமுறையும் வெளியிட்டது. என்னைக் கேட்டால், தண்டனை உள்ள சட்டமாக வரும்வரை அது போதாது.

அரசு விலைக் கட்டுப்பாடு வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் சிக்கல். 1995-ல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு அதன்மேல் ஒரு வரம்புவரை சேர்த்து விலை நிர்ணயித்தார்கள். 2013 ஆணை அதை மாற்றியது. சந்தையில் குறைந்தது 1 சதவீதப் பங்கு உள்ள பிராண்டுகள் கடைக்காரருக்கு என்ன விலையில் விற்கின்றன என்று பார்த்து, அதன் சராசரியோடு 16 சதவீதக் கடை லாபத்தைச் சேர்த்தால் அதுதான் உச்சவரம்பு. அதிகம் விற்பவை பெரும்பாலும் பெரிய கம்பெனிகளின் விலை கூடிய பிராண்டுகள் என்பதால், சராசரியும் அவற்றை ஒட்டியே நிற்கிறது. தயாரிக்க என்ன செலவானது என்ற கேள்வியே இந்தக் கணக்கில் கிடையாது. மொத்தவிலைக் குறியீடு ஏறினால் ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த உச்சவரம்பும் ஏறும். 2023 ஏப்ரலில் ஒரே தடவையில் 12 சதவீதம் ஏறியது.

அதுவும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும்தான். 2022 பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதைத் தவிரப் பெரிய கடிவாளம் இல்லை. இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்த கூட்டு மருந்துகளில் பெரும்பாலானவை பட்டியலுக்கு வெளியேதான் இருக்கின்றன. இவ்வளவு கூட்டு மாத்திரைகள் சந்தையில் புழங்குவதற்கு நோயாளியின் வசதி மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை.

இன்னொரு கண்ணி கடையிலேயே இருக்கிறது. ரெப் இல்லாமல், விளம்பரம் இல்லாமல், மொத்த வியாபாரி வழியாக நேராகக் கடைக்கு வரும் மருந்துகளை ட்ரேட் ஜெனரிக் என்பார்கள் (ஜெனரிக் என்றால் பேட்டன்ட் முடிந்து பல கம்பெனிகளும் தயாரிக்கும் மருந்து). கடைக்காரர் வாங்கும் விலை மிகக் குறைவு, ஆனால் அட்டையில் அச்சிட்டிருக்கும் எம்ஆர்பி பெரிய பிராண்டை ஒட்டியே இருக்கும். அதனால்தான் சில கடைகளால் 20, 30 சதவீதம் தள்ளுபடி தர முடிகிறது. ஜெனரிக் என்ற பெயரைக் கேட்டவுடன் விலை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

பேட்டன்ட் உள்ள புதிய மருந்துகளின் கதை வேறு. அங்கே தயாரிப்பவர் ஒருவரே, அவர் சொல்வதுதான் விலை. கிளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆனபோது, அதில் உள்ள இமாடினிப் என்ற அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் பத்தாயிரம் ரூபாய்க்குள் கொடுத்தன. கிளிவெக்கைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் பேட்டன்ட் விண்ணப்பத்தை 2006-ல் நிராகரித்தது சென்னையில் உள்ள பேட்டன்ட் அலுவலகம். பழைய மருந்தில் சின்ன மாற்றம் செய்து புது பேட்டன்ட் வாங்க முடியாது என்கிற சட்டப்பிரிவு 3(டி)-ஐ எதிர்த்து அந்த நிறுவனம் போட்ட வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் பேட்டன்ட் கிடையாது என்று முடித்து வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, மாதம் 2.8 லட்சம் ரூபாய் விலையில் இருந்த சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தை 8,800 ரூபாய்க்கு விற்க நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது. பேட்டன்ட் வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனி தயாரிக்க அரசு தரும் அனுமதிதான் கட்டாய உரிமம், இந்தியா கொடுத்த முதல் உரிமம் அது. ஒரு மருந்தின் விலைக்கும் அதைத் தயாரிக்கும் செலவுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

முதல் படி: அட்டையைப் படியுங்கள்

வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் மேசையில் பரப்பிவிட்டு ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் பின்பக்கம் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் உண்மையான பெயரும் இருக்கும். 'டெல்மிசார்ட்டான் டேப்ளட்ஸ் ஐபி 40 மி.கி.' என்பது போல. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது பெயர்தான். கூட்டு மருந்தாக இருந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரும், அதற்கு நேரே எத்தனை மில்லிகிராம் என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மருந்துப் பெயர், மில்லிகிராம், அப்புறம் எஸ்ஆர், இஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று ஏதாவது ஒட்டு எழுத்து இருக்கிறதா என்று மூன்றையும் எழுதுங்கள். இந்த ஒட்டு எழுத்துகளைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். மருந்து உடம்பில் மெதுவாகக் கரைந்து இறங்கும்படி செய்த மாத்திரை அது. மெட்ஃபார்மின் 500-ம் மெட்ஃபார்மின் 500 எஸ்ஆரும் ஒன்றில்லை. விலை குறைவு என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடக் கூடாது.

இந்தப் பட்டியலை எழுதும்போதே சில வீடுகளில் ஒரு விஷயம் வெளியே வரும். இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயரில் எழுதிய மருந்து உள்ளே ஒன்றாகவே இருக்கும். இது செலவு மட்டுமில்லை, இரட்டை டோஸ். கண்டுபிடித்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

இரண்டாவது படி: ஒரு மாத்திரைக்கு எவ்வளவு?

அட்டை விலையை ஒப்பிடாதீர்கள். ஒரு அட்டையில் 10 இருக்கும், இன்னொன்றில் 15 இருக்கும், சிலதில் 14. எப்போதும் ஒரு மாத்திரை விலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: 15 மாத்திரை உள்ள அட்டை 180 ரூபாய், 10 சதவீதத் தள்ளுபடி போக 162 ரூபாய், மாத்திரை ஒன்றுக்கு 10.80. அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனியில் 10 மாத்திரை 52 ரூபாய், தள்ளுபடி எதுவும் இல்லை, ஒன்றுக்கு 5.20. தள்ளுபடி கொடுத்த கடையில் வாங்கியவர் ஆண்டுக்கு 2,044 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார், ஒரே ஒரு மாத்திரைக்கு. கடை வாசலில் தொங்கும் சதவீதத்தைப் பார்க்காமல், கையில் வரும் விலையைப் பாருங்கள்.

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' என்ற செயலியில் மருந்துப் பெயரைப் போட்டால் பல பிராண்டுகளின் விலை வரும், உச்சவரம்பு உள்ள மருந்தானால் அதுவும் தெரியும். உச்சவரம்புக்கு மேல் ஜிஎஸ்டி தனி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு அந்த வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, புற்றுநோய், அரிய நோய்களுக்கான 33 மருந்துகளுக்கு வரியே இல்லை. அதற்கு முன் அச்சான அட்டையைப் பழைய விலைக்கே கொடுத்தால் கேளுங்கள்.

மூன்றாவது படி: மருத்துவர் அறையில் கேட்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மருந்து விலை முடிவாவது இங்கேதான். மருத்துவர் பிராண்ட் பெயர் எழுதினால், ஷெட்யூல் எச் (மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய) மருந்துகளுக்குக் கடைக்காரர் சட்டப்படி வேறு பிராண்டை மாற்றித் தரக் கூடாது. நடைமுறையில் 'அதே மருந்துதான், வேற கம்பெனி' என்று மாற்றித் தருகிறார்கள், ஆனால் பல நேரம் அது அவருக்கு லாபம் அதிகமுள்ள அட்டையாக இருக்கும். மருந்துப் பெயரே சீட்டில் இருந்தால் தேர்வு உங்கள் கைக்கு வருகிறது. மருந்துப் பெயரைப் பெரிய எழுத்தில் தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான விதிமுறையில் 2016-லிருந்தே இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கி 2023 ஆகஸ்டில் வந்த புது விதிகள் எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்குத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ, தன்னைச் சந்தேகிக்கிறான் என்று நினைப்பாரோ என்று. பணத்தைக் காரணமாகச் சொன்னால் பெரும்பாலான மருத்துவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "டாக்டர், மாசம் மருந்துக்கு மூவாயிரம் ஆகுது, கொஞ்சம் சிரமமா இருக்கு. மருந்தோட பேரையும் சேர்த்து எழுதித் தர முடியுமா? முதல்வர் மருந்தகத்துல, மக்கள் மருந்தகத்துல வாங்கிக்கலாமா?" அவ்வளவுதான். எந்த மருந்தை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அவரே பிரித்துச் சொல்வார்.

கூடவே இன்னும் சில கேள்விகளும் உண்டு. பட்டியலில் உள்ள எல்லா மருந்தும் இன்னும் தேவையா? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பத்து நாளுக்கு எழுதிய வயிற்றுப்புண் மாத்திரையையும் வைட்டமினையும் இரண்டு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். கூட்டு மாத்திரையைப் பிரித்துத் தனித்தனியாக வாங்கினால் குறையுமா? சில நேரம் குறையும், சில நேரம் கூடும், கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு ஒரே மாத்திரையாக இருப்பதில் மறக்காமல் சாப்பிடும் வசதியும் இருக்கிறது. அதிக அளவு மாத்திரையை வாங்கிப் பாதியாக உடைத்துச் சாப்பிடலாமா? நடுவில் கோடு உள்ள சில மாத்திரைகளுக்கு மட்டும், அதுவும் மருத்துவர் சரி என்றால் மட்டும். எஸ்ஆர் வகை மாத்திரையை உடைத்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

புதிய மருந்து சாப்பிடுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இதையும் கேளுங்கள்: "இது இப்போ வேற கம்பெனியில வந்திருக்கா?" சுகருக்கான எம்பாக்லிஃப்ளோசின் ஒரு மாத்திரை 60 ரூபாயை ஒட்டி விற்றது. 2025 மார்ச்சில் பேட்டன்ட் முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கி, 10 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்க ஆரம்பித்தது. சிட்டாக்ளிப்டின் 2022-லும் வில்டாக்ளிப்டின் 2019-லும் இதே வழியில் வந்தவை. பழைய சீட்டையே நீட்டி வாங்குகிறவர் பழைய பிராண்டின் விலையையே கொடுத்துக்கொண்டிருப்பார்.

நான்காவது படி: எங்கே வாங்குவது

முதலில் காசே இல்லாமல் கிடைக்கும் இடம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மெட்ஃபார்மின், அம்லோடிபின், அடோர்வாஸ்டாட்டின் போன்ற அடிப்படை மருந்துகள் இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வசதியானவர்கள் இதை வாங்க வெட்கப்படுகிறார்கள், ஏழைகள் தரத்தைச் சந்தேகப்படுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது, வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. யாருடைய மருந்து என்று தெரியாமலேயே பரிசோதனை நடக்கிறது. கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. நம் வரிப்பணத்தில் நடக்கும் நல்ல காரியங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுப்பேன்.

அடுத்தது மலிவு விலைக் கடைகள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில், முன்னணி மூன்று பிராண்டுகளின் சராசரி விலையில் பாதிக்கு மேல் எந்த மருந்துக்கும் விலை வைக்கக் கூடாது என்பது விதி. பல மருந்துகள் அதைவிடக் குறைவு. 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் பக்கத்துக் கடையும் விலையும் தெரியும். தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 இடங்களில் திறக்கப்பட்டன. இந்த இரண்டு இடங்களிலும் உள்ள ஒரே குறை, கேட்ட மருந்து எல்லா நேரமும் இருக்காது. மாத்திரை தீர்கிற அன்று போகாமல் ஒரு வாரம் முன்னாலேயே போய், இல்லை என்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். புற்றுநோய், இதய நோய் மருந்துகளுக்கு மத்திய அரசின் இன்னொரு மலிவு விலைக் கடையான அம்ரித் மருந்தகங்களையும் விசாரியுங்கள்.

எதுவும் கிடைக்காதபோது தெருமுனைக் கடைதான். அங்கே மருந்துப் பெயரைச் சொல்லி, "அண்ணே, இதுல விலை கம்மியா உள்ளது எது, நல்ல கம்பெனியாப் பாருங்க" என்று கேளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பாதி அட்டையை வெட்டிக் கொடுத்தால், காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அச்சான பகுதி உங்கள் துண்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லை என்றால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றக் கூடாத மருந்துகள்

இங்கே அவசரம் கூடாது. சில மருந்துகளில் ரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கான டாக்ரோலிமஸ், மனநலத்துக்கான லித்தியம் ஆகியவை இந்த வகை. தைராய்டு மாத்திரையும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒரு கம்பெனியில் உடம்பு நிலைப்பட்டிருந்தால் அதிலேயே இருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மருத்துவர் மேற்பார்வையில் மாற்றி, வார்ஃபரினுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை), தைராய்டுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் (தைராய்டு அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டும். இன்சுலினையும் இன்ஹேலரையும் கடையில் நின்று மாற்ற வேண்டாம், கருவி மாறினால் எடுக்கும் முறையும் மாறும்.

மற்றவற்றுக்கும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு மருந்தை மாற்றி, பிரஷரையும் சுகரையும் சில வாரம் எழுதி வையுங்கள். பழையபடியே இருந்தால் அடுத்ததை மாற்றலாம். இப்படிச் செய்தால் ஏதாவது சரியில்லை என்றாலும் எதனால் என்று தெரியும்.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது

இங்கே பேரம் பேசும் மனநிலையில் யாரும் இருக்க மாட்டார்கள், பில் ஏறுவதும் அதனால்தான். 2018-ல் டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனை பில்களை ஆராய்ந்த விலை நிர்ணய ஆணையம், சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை இருந்ததாகச் சொன்னது. சிரிஞ்சு, கையுறை, டிரிப் ஊசி போன்றவற்றில்தான் அதிகம் நடக்கிறது. நோயாளியோடு இருக்கும் ஒருவர் தினமும் மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்கி, திருப்பித் தர வேண்டிய மீதி மருந்தைக் குறித்து வையுங்கள். நீண்ட நாள் போடும் ஆன்டிபயாட்டிக் ஊசி என்றால் அதே மருந்தில் விலை குறைந்த பிராண்ட் போடலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள், மெரோபெனம் போன்றவற்றில் பிராண்டுக்குப் பிராண்ட் விலை பல மடங்கு மாறும். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பதாக இருந்தால், 2017-லிருந்து அதற்கு அரசு உச்சவரம்பு உண்டு என்பது நினைவிருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும் நாளிலேயே காட்டுங்கள்.

அதிக விலை வாங்கினால்

எம்ஆர்பி-க்கு மேல் யார் வாங்கினாலும் அது குற்றம். எம்ஆர்பி-யே அரசு உச்சவரம்பைத் தாண்டி அச்சாகியிருந்தால் அது கம்பெனியின் தவறு, அதிகமாக வசூலித்த தொகையை வட்டியோடு திரும்ப வாங்கும் அதிகாரம் விலை நிர்ணய ஆணையத்துக்கு இருக்கிறது. ஆணையத்தின் 'பார்மா ஜன் சமாதான்' தளத்தில் புகார் கொடுக்கலாம், கடை பற்றிய புகாரை மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் கொடுக்கலாம். இரண்டுக்கும் பில்லும் அட்டையும் தேவை. மருந்து தீர்ந்ததும் அட்டையைத் தூக்கிப் போடாமல், விலையும் பேட்ச் எண்ணும் தெரியும் பக்கத்தோடு பில்லைச் சேர்த்து ஒரு கவரில் ஆறு மாதம் வைத்திருங்கள்.